அலுவல் பயணத்தில் ஷட்டில் ஓட்டுநருக்கு டிப்ஸ்: எப்போது, எவ்வளவு, யார் கணக்கில்

கேட்கப்பட்ட கேள்வி இது: சென்னையிலிருந்து மூன்று வார வேலைக்காக முதன்முறையாக அமெரிக்கா செல்லும் ஒருவர், விமான நிலையத்திலிருந்து தங்கும் விடுதிக்கும், விடுதியிலிருந்து வாடிக்கையாளர் அலுவலகத்துக்கும் விடுதியின் இலவச ஷட்டில் வேனிலேயே போய்வரப் போகிறார். இலவச வண்டிக்கு டிப்ஸ் கொடுக்க வேண்டுமா, கொடுப்பதென்றால் எவ்வளவு, ரசீதே இல்லாத அந்தப் பணத்தை நிறுவனத்திடம் எப்படிக் கேட்டு வாங்குவது என்று அறிய விரும்புகிறார். பதினெட்டு ஆண்டுகளாக இதே வகைப் பயணங்களைச் செய்து வருபவன் என்ற முறையிலும், அவற்றில் ஏழு ஆண்டுகள் என் குழுவினரின் பயணச் செலவுக் கணக்குகளைச் சரிபார்த்து ஒப்புதல் அளித்தவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கொடுக்க வேண்டும். சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. கொடுக்காமல் இறங்கினால் ஓட்டுநர் வாய்திறந்து கேட்கவும் மாட்டார். ஆனாலும் அமெரிக்காவில் இது எதிர்பார்க்கப்படும் வழக்கம். தனியாகச் செல்பவர் ஒரு பயணத்துக்கு 1 அல்லது 2 டாலர் கொடுத்தால் போதும். ஓட்டுநர் பெட்டிகளைத் தூக்கி ஏற்றி இறக்கினால் பெட்டிக்கு 1 முதல் 2 டாலர் வரை கணக்கிட்டுக் கொடுப்பது நல்லது. ஒரே குழுவாக மூன்று நான்கு பேர் ஏறினால் எல்லோருக்குமாகச் சேர்த்து 5 டாலர் தரலாம். அமெரிக்க ஹோட்டல்கள் சங்கத்தின் டிப்ஸ் வழிகாட்டியும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது: ஆளுக்கு 1 முதல் 2 டாலர், அல்லது குழுவுக்கு 4 முதல் 5 டாலர். உணவகத்தில் போல இத்தனை விழுக்காடு என்று இங்கே கணக்கிட முடியாது. கட்டணம் என்று ஒன்று இல்லாதபோது எதன்மேல் விழுக்காடு போடுவது?

இலவசம் என்ற சொல்தான் நம்மில் பலரைக் குழப்புகிறது. வேனுக்கும் டீசலுக்கும் ஆகும் செலவு அறை வாடகைக்குள் அடங்கிவிட்டது என்பது உண்மை. ஆனால் அந்த வேலையின் பாரம் முழுவதையும் சுமப்பவர் ஒரே ஒருவர். விமான நிறுவனங்கள் பெட்டிக்கு 23 கிலோ வரை அனுமதிக்கின்றன. நீண்ட நாள் வேலைக்கு வருகிற நம்மவர்கள் அந்த 23 கிலோவில் அரைக்கிலோகூட வீணாக்குவதில்லை. ஒரு சுற்றில் எட்டுப் பயணிகள், ஆளுக்கு இரண்டு பெட்டி என்று வைத்துக்கொண்டால், பதினாறு பெட்டிகள், ஏறத்தாழ 368 கிலோ எடையை அவர் தரையிலிருந்து வேனின் பின்பகுதிக்குத் தூக்கி, அரைமணி நேரத்தில் அதே எடையைத் திரும்ப இறக்கி வைக்கிறார். பிறகு அடுத்த சுற்று. பனிக்காலத்தில் சிகாகோ போன்ற ஊர்களில், நாம் உள்ளே சூடாக உட்கார்ந்திருக்கும்போது, அவர் ஒவ்வொரு முனையத்திலும் இறங்கி ஏறி இதைச் செய்கிறார். நான் கொடுக்கும் 2 டாலர் அந்தக் கைகளின் வேலைக்கு என்று நினைத்துக்கொண்ட பிறகு எனக்கு இந்தக் குழப்பம் வந்ததில்லை.

கூலிச் சட்டத்தையும் சிறிது தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவின் மத்தியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009 ஜூலை முதல் அது உயர்த்தப்படவே இல்லை. வழக்கமாக மாதம் 30 டாலருக்கு மேல் டிப்ஸ் பெறும் தொழிலாளிக்கு, உரிமையாளர் நேரடியாக மணிக்கு 2.13 டாலர் கொடுத்தாலே போதும், மீதியை டிப்ஸில் ஈடுசெய்துகொள்ளலாம் என்று மத்தியச் சட்டம் அனுமதிக்கிறது. டிப்ஸ் அந்த அளவுக்கு வராவிட்டால் குறையும் தொகையை உரிமையாளர் போட்டுக் கொடுக்க வேண்டும். இந்த 2.13 என்ற எண் 1991 முதல் மாறவில்லை. கலிபோர்னியா, வாஷிங்டன், ஒரேகான், நெவாடா, மினசோட்டா, மொன்டானா, அலாஸ்கா ஆகிய மாநிலங்கள் இப்படி ஈடுசெய்வதை ஏற்பதில்லை. அங்கே டிப்ஸ் வந்தாலும் வராவிட்டாலும் முழுக் குறைந்தபட்சக் கூலியைக் கொடுத்தாக வேண்டும். ஷட்டில் ஓட்டுநர்கள் எல்லோருக்கும் 2.13 டாலர்தான் கிடைக்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை. பலருக்கு அதைவிடக் கூடுதலான மணிக்கூலி உண்டு. ஆனால் வேனில் ஏறும் நமக்கு, முன்னால் அமர்ந்திருப்பவர் எந்த வகையில் சம்பளம் பெறுகிறார் என்று தெரிய வழியே இல்லை. அதனால் ஊருக்கு ஊர் ஆராய்ந்துகொண்டிராமல் எல்லா இடத்திலும் ஒரே முறையைக் கடைப்பிடிப்பதுதான் சரி என்பது என் கருத்து.

கொடுக்கும் பணம் ஓட்டுநரிடம்தான் சேருமா என்றும் சிலர் கேட்கிறார்கள். 2018-இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, தொழிலாளிக்கு வந்த டிப்ஸை உரிமையாளரோ மேலாளரோ எடுத்துக்கொள்ளக் கூடாது. மாதம் 20 டாலர் அல்லது அதற்கு மேல் ரொக்க டிப்ஸ் பெறுபவர் அதைத் தம் நிறுவனத்திடம் கணக்குக் காட்ட வேண்டும். அதற்கு வருமான வரியும் உண்டு. 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் 2025 முதல் 2028 வரையிலான ஆண்டுகளுக்கு, டிப்ஸ் வருமானத்தில் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை மத்திய வருமான வரி கணக்கிடும்போது கழித்துக்கொள்ள வழிசெய்திருக்கிறது.

பயணத்தில் சுமை தூக்குபவருக்கு டிப்ஸ் என்ற வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றிய கதையை அறிந்தால் அதன் கனம் புரியும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜார்ஜ் புல்மேன் நடத்திய தூங்கும் வசதி கொண்ட ரயில் பெட்டிகளில், உள்நாட்டுப் போருக்குப் பின் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின ஆண்களைப் போர்ட்டர்களாக வேலைக்கு வைத்தார்கள். பெட்டி தூக்குவது, படுக்கை விரிப்பது, காலணி துடைப்பது எல்லாம் அவர்கள் வேலை. சம்பளத்தை மிகக் குறைவாக வைத்துவிட்டு, மீதியைப் பயணிகளிடம் பெற்றுக்கொள்ளட்டும் என்று நிறுவனம் விட்டுவிட்டது. 1915-இல் மத்திய அரசின் தொழிலுறவு ஆணையம் விசாரித்தபோது அவர்களுடைய தொடக்கச் சம்பளம் மாதம் 27.50 டாலர். அந்த விசாரணையில் நிறுவனத்தின் சார்பில் சாட்சியம் சொன்னவர், அடிமை முறையை ஒழித்த ஆபிரகாம் லிங்கனின் மகன் ராபர்ட் லிங்கன். அவர் அந்த நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். அலுவல் பயணம் செய்த வியாபாரிகளின் சில்லறையை நம்பித்தான் அந்தக் குடும்பங்கள் வாழ்ந்தன. 1925-இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் அமைத்தார்கள். நிறுவனத்தோடு கூலி ஒப்பந்தம் கையெழுத்தாக 1937 வரை போராட வேண்டியிருந்தது. இதற்கிடையில் 1909-இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸையே தடை செய்து சட்டம் போட்டது, வேறு சில மாநிலங்களும் பின்பற்றின; 1926-க்குள் அந்தச் சட்டங்கள் அனைத்தும் கைவிடப்பட்டன.

இந்த முறை நியாயமானதா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். முழுக் கூலியையும் வேலை கொடுப்பவரே கொடுப்பதுதான் நேர்மை. ஆனால் முறை சரியில்லை என்பதற்காக நான் 2 டாலரைக் கொடுக்காமல் இறங்கினால், முறைக்கு ஒன்றும் ஆகாது. அன்றைய தினம் அந்த ஓட்டுநருக்கு 2 டாலர் குறையும், அவ்வளவுதான்.

என் முதல் பயணத்தில் நான் அப்படித்தான் இறங்கினேன், வேறு காரணத்தால். சென்னையில் அந்நியச் செலாவணி மாற்றித் தந்தவர் எனக்கு 500 டாலரை ஐந்து 100 டாலர் நோட்டுகளாகக் கொடுத்திருந்தார். அதை உறையோடு கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். நள்ளிரவு தாண்டி இறங்கிய என்னை ஏற்றிக்கொள்ள வந்த ஓட்டுநர், அறுபது வயதைத் தாண்டியவர், என் இரண்டு பெட்டிகளையும் தாமே தூக்கி வைத்தார். விடுதி வாசலில் இறக்கி, கைப்பிடிகளை வெளியே இழுத்து, என் பக்கமாகத் திருப்பி நிறுத்தினார். உடன் வந்த பயணிகள் ஒவ்வொருவராக மடித்த நோட்டை அவர் கையில் வைத்து நன்றி சொல்லிவிட்டு நகர்ந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயமே விளங்கியது. என்னிடம் இருந்த மிகச் சிறிய நோட்டு 100 டாலர். நான் தடுமாறியதைப் பார்த்து அவரே தோளைத் தட்டி, நல்லபடியாகத் தூங்குங்கள் என்று சொல்லிவிட்டு வேனை எடுத்தார். மறுநாள் பணத்தைச் சில்லறையாக்கி, 5 டாலரை ஓர் உறையில் போட்டு, நேற்றிரவு ஒரு மணி வேனை ஓட்டியவருக்கு என்று எழுதி வரவேற்பு மேசையில் கொடுத்தேன். மூன்றாம் நாள் காலை அவரே வேனில் வந்தபோது, உறை கிடைத்தது என்று சொல்லிக் கைகுலுக்கினார். கையில் சில்லறை இல்லாமல் போய்விட்டால் இப்போதும் இந்த வழியைத்தான் பரிந்துரைக்கிறேன்: ஓட்டுநரின் பெயரைக் கேட்டுக்கொண்டு, மறுநாள் உறையில் போட்டு, பெயரும் நேரமும் எழுதிக் கொடுத்துவிடலாம்.

ஆகவே உண்மையான தயாரிப்பு விமானம் ஏறுவதற்கு முன்பே தொடங்குகிறது. இந்தியாவிலிருந்து அமெரிக்கா செல்பவர் ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை ரொக்கமாக எடுத்துச் செல்லலாம். அவ்வளவு தேவைப்படாது, மீதியை ஃபாரெக்ஸ் கார்டில் போட்டுக்கொள்ளலாம். ரொக்கம் வாங்கும்போது 1 டாலர், 5 டாலர் நோட்டுகள் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கடைசி நேரத்தில் கேட்டால் பெரும்பாலும் இருப்பதில்லை. கிடைக்காவிட்டால், அமெரிக்காவில் இறங்கியதும் ஷட்டில் நிற்கும் இடத்துக்குப் போவதற்கு முன்பாகவே, விமான நிலையக் கடையில் ஒரு தண்ணீர்ப் புட்டியோ காபியோ வாங்கி 20 டாலர் நோட்டை மாற்றிக்கொண்டு, மீதியில் ஒரு டாலர் நோட்டுகளாக ஐந்தாறு தரும்படி கேளுங்கள். ஏடிஎம் இயந்திரங்கள் பெரும்பாலும் 20 டாலர் நோட்டுகளைத்தான் தருகின்றன என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். சில வேன்களில் வென்மோ, கேஷ் ஆப் போன்ற பணம் அனுப்பும் செயலிகளின் க்யூஆர் அட்டையை ஒட்டி வைத்திருக்கிறார்கள். அமெரிக்க வங்கிக் கணக்கும் தொலைபேசி எண்ணும் இல்லாமல் குறுகிய காலத்துக்கு வருபவருக்கு அவை பயன்படா. இந்திய ரூபாய் நோட்டை நினைவுப் பொருளாகக் கொடுப்பதும், சில்லறைக் காசுகளை எண்ணிக் கையில் போடுவதும் வேண்டாம். அவரால் அந்த ரூபாயை எங்கும் செலவழிக்க முடியாது. காசைக் கொட்டுவது அங்கே அவமதிப்பாகக் கொள்ளப்படும்.

கொடுக்கும் முறையும் எளிது. வேன் விடுதியை நெருங்கும்போதே நோட்டை எடுத்து, இரண்டாக மடித்து, சட்டைப் பையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பர்ஸைத் திறந்து எல்லோர் முன்பும் எண்ணிக்கொண்டிருந்தால் பின்னால் நிற்பவர்களும் காத்திருக்க வேண்டும், ஓட்டுநருக்கும் சங்கடம். அவர் பெட்டியை இறக்கி உங்களிடம் தரும் அந்தக் கணத்தில், ஒரு கையால் பெட்டியை வாங்கிக்கொண்டு மறு கையால் நோட்டைக் கொடுத்து நன்றி சொன்னால் போதும். ஏறும்போது கொடுப்பதில்லை, இறங்கிப் பெட்டி கைக்கு வந்த பிறகுதான் கொடுப்பது வழக்கம். பெட்டியை நீங்களே தூக்கி வைத்து நீங்களே இறக்கிக்கொண்டாலும், வேறு சாமானே இல்லாமல் தோள்பையோடு ஏறினாலும், 1 டாலர் கொடுப்பது நல்ல பழக்கம். அந்த நிலையில் கொடுக்காமல் இறங்குபவர்களும் உண்டு. அதை யாரும் குற்றமாகக் கொள்வதில்லை.

ஷட்டில் என்ற ஒரே பெயரில் பல வகை வண்டிகள் ஓடுகின்றன. வாடகைக் கார் மையத்துக்குச் செல்லும் பெரிய பேருந்துகளில், டாலஸ் ஃபோர்ட் வொர்த் விமான நிலையத்தில் இருப்பதைப் போல, பெட்டிகளைப் பயணிகளே அடுக்கிக்கொள்கிறார்கள். ஓட்டுநர் இருக்கையை விட்டு எழாவிட்டால் டிப்ஸ் எதிர்பார்க்கப்படுவதில்லை, எழுந்து வந்து தூக்கினால் பெட்டிக்கு 1 டாலர். சான் பிரான்சிஸ்கோவில் கார் மையத்துக்கு ஓட்டுநரே இல்லாத ஏர்டிரெயின் என்ற ரயில் போகிறது. விமான நிலையத்துக்கு வெளியே காரை நிறுத்திவிட்டுச் செல்பவர்களை ஏற்றும் வேன், திரும்பி வரும்போது நம் கார் நிற்கும் வரிசைக்கே கொண்டுவந்து விடுகிறது. அங்கே விடுதி வேனுக்குச் சொன்ன அதே அளவு பொருந்தும். பல பயணிகளை ஏற்றி ஆளுக்குக் கட்டணம் வாங்கும் பகிர்வு வேன்களில் கட்டணத்தின் 15 முதல் 20 விழுக்காடு வரை கொடுக்கிறார்கள்.

நிறுவனமே முன்பதிவு செய்து அனுப்பும் தனிக் காரில்தான் பலர் இரட்டிப்பாகக் கொடுத்துவிடுகிறார்கள். அத்தகைய சேவைகள் பலவற்றில் 20 விழுக்காடு அளவு டிப்ஸ் பட்டியலிலேயே சேர்க்கப்பட்டிருக்கும். முன்பதிவு மின்னஞ்சலில் கிராஜுவிட்டி (அங்கே டிப்ஸுக்கு இன்னொரு பெயர்) என்ற வரி இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இருந்தால் நன்றி சொல்வது போதும். ஊபர், லிஃப்ட் வண்டிகளில் செயலிக்குள்ளேயே டிப்ஸைச் சேர்க்கலாம். ஊபர் இந்த வசதியை 2017-இல் கொண்டுவந்தது. அலுவல் பயணிக்கு இதில் ஒரு கூடுதல் நன்மை, டிப்ஸ் தொகை ரசீதிலேயே அச்சாகி வந்துவிடுகிறது.

வாடிக்கையாளர் நிறுவனம் தன் ஊழியர்களுக்காக வளாகத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் இடையில் ஓட்டும் பேருந்து இவற்றிலிருந்து முற்றிலும் வேறு. அங்கே டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை, பல இடங்களில் ஓட்டுநர் வாங்கவும் அனுமதி இல்லை. அந்த ஓட்டுநர்களுக்கு எல்லாம் வசதியாக இருந்தது என்பதல்ல. கலிபோர்னியாவில் பேஸ்புக் ஊழியர்களை ஏற்றிச்சென்ற ஒப்பந்த நிறுவனத்தின் ஓட்டுநர்கள் 2014 நவம்பரில் டீம்ஸ்டர்ஸ் என்ற தொழிற்சங்கத்தில் சேர வாக்களித்து, அடுத்த ஆண்டு கூலி உயர்வு பெற்றார்கள். அவர்கள் கேட்டது டிப்ஸ் அல்ல, சம்பளம். நான் மேலே நியாயம் என்று சொன்னது அதைத்தான். மாநாடுகளுக்காக அமர்த்தப்படும் பெரிய கோச்சுகளிலும் அமைப்பாளர்களே கவனித்துக்கொள்வார்கள். தனித்தனியாக யாரும் கொடுப்பதில்லை.

கேள்வி கேட்டவரின் நிலைமைக்கு வருகிறேன். தினமும் காலை மாலை அதே விடுதி வேனில் அலுவலகம் போய்வருவதென்றால், ஒவ்வொரு முறையும் கொடுக்க வேண்டுமா, வாரக் கடைசியில் மொத்தமாகக் கொடுக்கலாமா? இரண்டு முறையும் வழக்கத்தில் உண்டு. ஆனால் ஓட்டுநர்கள் முறை மாறி மாறி வருகிறார்கள்; திங்கள் முதல் வியாழன் வரை காலையில் ஓட்டியவருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையாக இருக்கலாம், அவருடைய உழைப்புக்கான 10 டாலர் புதிதாக வந்தவர் கைக்குப் போய்விடும். அதனால் ஒவ்வொரு பயணத்துக்கும் 1 அல்லது 2 டாலர் அப்போதைக்கப்போதே கொடுத்துவிடும்படி என் குழுவினரிடம் சொல்லியிருக்கிறேன். விடுதி வேன்கள் பெரும்பாலும் சில மைல் சுற்றளவுக்குள்தான் இலவசமாக ஓடும். அந்த எல்லைக்குச் சற்று வெளியே இருக்கும் மளிகைக் கடைக்கோ மருந்துக் கடைக்கோ ஒரு ஓட்டுநர் தம் விருப்பப்படி கொண்டுவிட்டு, சொன்ன நேரத்துக்குத் திரும்ப வந்து ஏற்றினால், அதற்கு 5 டாலருக்குக் குறையாமல் கொடுங்கள். அது அவர் செய்ய வேண்டியிராத வேலை.

குழுவாகப் போகும்போது ஒரு நடைமுறைச் சிக்கல் வரும். யார் கொடுப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே நான்கு பேரும் இறங்கி உள்ளே போய்விடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வேனில் ஏறும்போதே, இன்று நான் கொடுக்கிறேன் என்று ஒருவர் சொல்லிவிட வேண்டும். உடன் மேலாளர் இருந்தால் அவர்தான் அதைச் சொல்ல வேண்டும். குழுவில் இளையவரின் பையிலிருந்து அது போகக் கூடாது.

இனி செலவுக் கணக்கு. நியாயமான அளவில் கொடுத்த ஷட்டில் டிப்ஸ் அலுவல் செலவுதான். அதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அமெரிக்க மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு வகுத்துள்ள பயண விதிகள், விமான நிலையத்துக்கும் விடுதிக்கும் இடையே விடுதியின் இலவச வண்டியை இயன்றவரை பயன்படுத்தச் சொல்வதோடு, அதில் கொடுக்கும் டிப்ஸ் திருப்பித் தரப்படும் என்றும் தெளிவாகச் சொல்கின்றன. டாக்ஸிச் செலவை மிச்சப்படுத்தும் ஊழியரின் கையிலிருந்து 2 டாலர் போகக் கூடாது என்ற அந்த நியாயத்தை உங்கள் நிதிப் பிரிவிடம் எடுத்துச் சொல்லலாம்.

நாட்படி, அதாவது பயணத்தில் நாளொன்றுக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த படி, வாங்குபவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க அரசின் நாட்படி விகிதத்தில் சில்லறைச் செலவு என்று நாளொன்றுக்கு 5 டாலர் ஒதுக்கப்படுகிறது. சுமை தூக்குபவர்களுக்கும் விடுதிப் பணியாளர்களுக்கும் கொடுக்கும் டிப்ஸ் அதில் அடங்கும். ஆனால் போக்குவரத்து ஓட்டுநருக்குக் கொடுப்பது போக்குவரத்துச் செலவோடு சேர்ந்தது. தனியார் நிறுவனங்கள் பல இந்த விகிதத்தை அப்படியே எடுத்துக்கொண்டாலும், எது எதில் அடங்கும் என்பதைத் தம் விருப்பப்படி வைத்துக்கொள்கின்றன. ஆகையால் கிளம்புவதற்கு முன்பே பயணப் பிரிவுக்கு ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பி, ஷட்டில் டிப்ஸ் நாட்படிக்குள் வருமா, தனியாகக் கேட்கலாமா என்று எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

ரசீது இல்லையே என்ற கவலைக்கும் வழி இருக்கிறது. அமெரிக்க வரித் துறையின் விதிப்படி, தங்குமிடச் செலவைத் தவிர 75 டாலருக்குக் குறைந்த பயணச் செலவுகளுக்கு ரசீது கட்டாயமில்லை. தொகை, தேதி, இடம், அலுவல் காரணம் ஆகியவற்றைக் குறித்து வைத்திருந்தால் போதும். உங்கள் நிறுவனம் இதைவிடக் கடுமையான வரம்பு வைத்திருக்கலாம், இந்திய நிறுவனமாக இருந்தால் விதியே வேறாக இருக்கலாம். ஆனாலும் குறிப்பு எழுதும் பழக்கம் எங்கேயும் உதவும். வேனை விட்டு இறங்கியதும் கைபேசியில் "மார்ச் 4, விமான நிலையம் – விடுதி, ஷட்டில் டிப்ஸ், 2 பெட்டி, 4 டாலர்" என்று ஒரு வரி. மூன்று வாரம் கழித்து நினைவிலிருந்து எழுதும் கணக்கைவிட, அன்றன்று எழுதிய இத்தகைய பட்டியலை நான் எந்தக் கேள்வியும் கேட்காமல் ஒப்புக்கொண்டிருக்கிறேன். தினமும் ஒரே மாதிரி 10 டாலர் என்று முழு எண்ணாக எழுதி வந்த கணக்குகளைத்தான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இலவச வேனுக்கு 20 டாலர் கொடுக்க விரும்பினால் தாராளமாகக் கொடுங்கள். வழக்கத்துக்கு மேற்பட்ட அந்தப் பகுதியை உங்கள் சொந்தக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனம் தர முடியாது என்று சொல்லிவிட்டால்? அப்போதும் கொடுங்கள் என்பதே என் விடை. பெட்டியைத் தூக்கியவர் என் நிதிப் பிரிவின் விதிகளுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். திருப்பிக் கிடைத்தால் கொடுப்பேன், கிடைக்காவிட்டால் மாட்டேன் என்று அவர் கூலியை நம் அலுவலக விதியோடு முடிச்சுப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கொடுக்கக் கூடாத நேரமும் உண்டு. ஓட்டிக்கொண்டே கைபேசியில் எழுதிக்கொண்டிருந்தவருக்கு ஒருமுறை நான் கொடுக்கவில்லை. வரவேற்பு மேசையில் புகாரும் சொன்னேன். ஆனால் வேன் இருபது நிமிடம் தாமதமாக வந்தது என்பதற்காக டிப்ஸைக் குறைப்பது தவறு. வண்டிகள் எத்தனை, ஆட்கள் எத்தனை என்று முடிவு செய்வது ஓட்டுநர் அல்லர். தாமதத்துக்கு எல்லோரிடமும் பேச்சு வாங்குபவர் மட்டும் அவராக இருக்கிறார்.

இவை அனைத்தும் அமெரிக்காவுக்குச் சொன்னவை. கனடாவிலும் ஏறக்குறைய இதே வழக்கம்தான். ஜப்பானில் டிப்ஸ் கொடுப்பதில்லை. கொடுத்தால் மறந்து விட்டுப்போன பணம் என்று எண்ணித் திருப்பிக் கொடுக்க ஓடிவருவார்கள். சிங்கப்பூரிலும் எதிர்பார்ப்பதில்லை. ஒரே பயணத்தில் இரண்டு நாடுகளுக்குச் செல்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

மூன்று வாரத்துக்கு எவ்வளவு ரொக்கம் ஒதுக்குவது என்று கணக்கிட்டுத் தருகிறேன். வரும்போது இரண்டு பெட்டிக்கு 4 டாலர், திரும்பும்போது 4 டாலர். பதினைந்து வேலை நாட்களில் காலை மாலை இரு பயணம், பயணத்துக்கு 2 டாலர் என்றால் 60 டாலர். மொத்தம் 68. ஒரு டாலர் நோட்டுகளாக 70 டாலரை ஓர் உறையில் தனியாக வைத்துக்கொண்டு, தினமும் காலையில் அன்றைக்கு வேண்டிய நோட்டுகளை மட்டும் சட்டைப் பைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முதல் நாளுக்குரிய 4 டாலர், விமானம் தரையிறங்கும்போதே உங்கள் பையில் இருக்கட்டும்.